சாமான் பட்டியல்

வழக்குக் கணக்கைப் பார்க்கும் கம்பெனியின் பெண்
மஞ்சள் ஒட்டுச்சீட்டுக் கட்டைக் கொடுத்து
எல்லாவற்றிலும் ஒட்டிவிடுங்கள் என்றாள்.
பெஞ்சு ஒன்று. பெஞ்சு இரண்டு.
சிலுவைப் பாதை, பதினான்கு படங்கள்.
ஒன்பதாவதில், மூன்றாம் முறை விழுகிறவரின் முழங்காலில்
பெயின்ட் இல்லை. பிள்ளைகள் தொட்டுத் தொட்டு.
அந்தோனியார் சுரூபம், ஒன்று. விரல் இரண்டு காணோம்.
தொலைந்ததையெல்லாம் தேடித் தருகிறவர்
தன்னுடையதைத் தேடவில்லை.

கிரேப்னல் கோவ் என்றால் நியூஃபவுண்ட்லாந்திலேயே
பாதிப் பேருக்குத் தெரியாது.
கோவில் மட்டும் கடலில் பத்து மைலுக்குத் தெரியும்.
கட்டுகிற காலத்தில் ஒவ்வொரு படகும்
புதன்கிழமை மீனை இதற்கென்று ஒதுக்கியது.
வயிறு காய்ந்த வருஷத்திலும் புதன் புதன்தான்.
கூரை போட்டவர்கள் படகு கட்டுகிறவர்கள்;
ஒழுகினால் எங்கே ஒழுகும் என்று
அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

தீயணைப்பு நிலைய மண்டபத்தில் கூட்டம்.
ஆம்ப்ரோஸ் ஹெர்ன் எழுந்தான்:
"தப்பு செஞ்சவன் செத்துட்டான்.
மூடி மறைச்சவன் பென்ஷன் வாங்குறான்.
மீன் குடுத்தவன் கோவிலை ஏன் விக்கணும்?"
கைதட்டல். நானும் தட்டினேன்.
இழப்பீடு வாங்கப் போகிறவர்களுக்கு
அந்தக் காகிதங்களில் பெயர் கிடையாது.
நூற்றுச் சொச்சம் எண்கள்.
அப்போது பையன்களாக இருந்தவர்கள்.
எங்கேயோ, நகரத்துப் பக்கம்,
யாரோ பெற்ற பையன்கள் என்றுதான் நினைத்திருந்தோம்.

செவ்வாய்க்கிழமை, பனி சாய்ந்து விழுகிற நேரம்,
லியோ கரீன் ஈரப் பூட்ஸோடு உள்ளே வந்தான்.
கையில் திருப்புளி.
கடைசி பெஞ்சு, கதவோரம், அவன் இடம்.
நற்கருணைக்கு எழுந்து முன்னால் போனதே இல்லை.
குடிக்கிறவன், அதனால்தான் என்றோம்.
ஒரு காரணம் கையில் கிடைத்தால்
இரண்டாவதை யார் தேடுவார்கள்?

"அந்தக் கதவு விலைக்கு வருமா?"
எந்தக் கதவு என்றேன்.
பீடத்துக்குப் பின்னால் மோவாயால் காட்டினான்.
சாமியார் உடுப்பு மாற்றும் அறை.
பூசைக்கு உதவுகிற பையன்கள்
மெழுகுத் திரி எடுக்கப் போகும் அறை.

முப்பத்தோரு வருஷம் பீடத் துணி துவைத்தவள் நான்.
அந்த அறையின் தாழ்ப்பாள் கிறீச்சிடும்.
கோவில் முழுக்கக் கேட்கிறதே என்று
தையல் மிஷின் எண்ணெய் விடுவேன்,
வருஷா வருஷம், ஈஸ்டருக்கு முன்னால்.
உள்பக்கத் தாழ்ப்பாள்.
துணி மாற்றும் அறைக்கு
உள்ளே இவ்வளவு பெரிய தாழ்ப்பாள் எதற்கு?
அதை ஒரு தரம்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.
பித்தளை மங்கினால் தேய்த்தும் வைத்தேன்.

லியோ அதை ஒருமுறை நீக்கிப் போட்டான்.
மறுபடி நீக்கினான்.
"சத்தமே வரல," என்றான்.
"அப்பவும் வராது."

அதற்குமேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை.
நான் மன்னிப்பு என்ற சொல்லை எடுத்து
வாய்வரை கொண்டுவந்தேன்.
அது ரொம்பச் சின்னதாக இருந்தது. விழுங்கிவிட்டேன்.
டார்ச்சைப் பிடித்துக்கொண்டேன், கீல்களுக்கு நேராக.
திருகுகள் துரு. ஒன்று வரவே மாட்டேனென்றது.
மரத்தைப் பிளந்துதான் எடுத்தோம்.
இரண்டு பேராகத் தூக்கி வண்டியில் போட்டபோது
என் தோளில் நீளமாக ஒரு கன்றல்.

என்ன செய்தான் என்று கேட்கவில்லை.
புதன் இரவு கடற்கரைப் பக்கம்
வார்னிஷ் எரிகிற வாடை வந்தது.
அதுவாக இருக்கலாம். இறால் கூண்டு எரித்தவர்களாகவும் இருக்கலாம்.

பட்டியலில் அறுபத்தொன்று:
வாசல், ஒன்று. கதவு இல்லை.
அந்தப் பெண் தொலைபேசியில் கேட்டாள்,
எப்போதிலிருந்து இல்லை?
எனக்குத் தெரிந்து இருந்ததில்லை என்றேன்.
கோவிலில் நான் சொன்ன முதல் பொய்
என்று எழுத நினைத்தேன்; இல்லை, முதல் இல்லை.

அடுத்த கூட்டத்திலும் ஆம்ப்ரோஸ் அதையே சொன்னான்.
மீன் கணக்கில் தப்பு கிடையாது.
கைதட்டினார்கள்.
என் கை கோட்டுப் பையில் இருந்தது,
மஞ்சள் சீட்டு ஒன்று
விரலை விடாமல் ஒட்டிக்கொண்டு.