எடைமேடை

வாலிநோக்கம் உப்பளத்தில் என் வேலை கழிப்பது.
காலி லாரியை ஏற்றி ஓர் எண்.
உப்போடு ஏற்றி இன்னோர் எண்.
வண்டியைக் கழித்தால் மிஞ்சுவதுதான் சரக்கு,
சீட்டில் அதை எழுதுவேன்.

பதினோரு வருடம் தியானத்திலும் இதே கணக்கு.
விடியுமுன் கண்ணை மூடி உட்கார்ந்து
இது நானில்லை என்று முழங்காலைக் கழித்தேன்,
முழங்கால் வலியைக் கழித்தேன்,
பூரணவல்லி என்கிற பெயரை,
அவள் கட்டாமல் விட்ட வட்டியை,
புருஷன் போன அன்று அழாத கண்ணை.
கழிக்கக் கழிக்கக்
கழிக்கிறவள் மட்டும் தடித்துக்கொண்டே வந்தாள்.

இன்று சித்திரை நண்பகல்.
பாத்திகளுக்கு அப்பால் காய்ந்த தரையில்
தண்ணீர் நிற்கிறது.
தண்ணீர் இல்லை. மிதித்து மிதித்து நான் அறிந்த தரை அது.
அறிந்தும், அந்தப் பக்கம் நடக்கையில்
கை தானாகச் சேலையைக்
கணுக்காலுக்கு மேல் தூக்குகிறது.

பொய்க்கு இத்தனை மரியாதையா!
சிரித்தேன். சிரித்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

வெயில் எங்கும் போய்விடவில்லை.
தரையைத் தொட்டு, கொதித்து, வளைந்து,
வெயிலாகவே இருந்துகொண்டு தண்ணீராகியிருக்கிறது.
என் கண்ணுக்குள் இருந்து அதைப் பார்த்து
தண்ணீர் என்று ஏமாந்ததும் ஒரு வெளிச்சம்.
ஏமாற்றியவளும் ஏமாந்தவளும்
ஒரே சேலையைத்தான் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

எனக்கு வாய்த்த மந்திரம் ஓரெழுத்து.
ஹ்ரீம்.
மாயையின் எழுத்து.
அவளைத் துரத்தவா
இத்தனை நாளும் அவள் பெயரையே சொல்லிக்
கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்?

ஏர்வாடிச் சாலையில் சேசுராசின் லாரி,
நேராக ஒன்று, அதன் காலடியில் தலைகீழாக ஒன்று.
நெருங்க நெருங்கத்
தலைகீழ் லாரியை நிமிர்ந்த லாரி குடித்துவிட்டது.

மேடையில் ஏறி நின்றது.
உப்பு, தார்ப்பாய், பாதி டேங்க் டீசல்,
கண்ணாடியில் ஒட்டிய மாதா படம்,
கிளீனர் பையனின் தூக்கம்,
டயர் இடுக்கில் காய்ந்த சேறு,
எல்லாம் ஓர் எண்ணாக ஒளிர்ந்தது.
அப்படியே எழுதி நீட்டினேன்.

"யக்கா, வண்டியக் கழிக்கலயே?"

அடித்துவிட்டுக் கழித்துக் கொடுத்தேன்.
உப்பு வியாபாரம் உப்பு வியாபாரம்தான்.

அவன் போன பிறகும்
பலகை பூஜ்யத்துக்கு வரவில்லை.
இருபது கிலோ காட்டியது.
சிந்திய உப்போ, சோளகக் காற்றோ.
பூஜ்யமாக்கும் பொத்தான்
என் விரலடியில்தான் இருக்கிறது.

அழுத்தவில்லை.