ஐம்பத்துமூன்றாம் மாதம்

ஸ்வான்சீக்கு உறை போய்ப்
பத்தொன்பது நாள்.
கொவென்ட்ரி, ஃபோல்ஸ்ஹில் ரோட்டுத் தபால் கந்தோரில்
எடை பார்த்தவள் கேட்டாள்,
உள்ளே பெறுமதியான சாமான் ஏதும் உண்டா?
பழைய லைசென்ஸ், பெயர்மாற்றப் பத்திரம்,
தோடு தெரியத் தலைவாரிய ஒரு படம்.
இல்லை என்றேன்.

பத்திரத்துக்குச் சாட்சி இரண்டு பேர்.
சொந்தக்காரர் கூடாது என்று எழுதியிருந்தது.
அந்த ஒரு நிபந்தனை
எனக்குச் சுலபம்.
டிப்போவில் அக்னியெஷ்கா
பால் தட்டுகளின் மேல் தாளை விரித்துக்
கையெழுத்துப் போட்டாள்.
மோர்கன் கண்ணாடியைத் தேடி எடுத்து
நளாயினி, நளாயினி என்று
எழுத்தெழுத்தாக வாசித்துவிட்டு
ஸ்பெல்லிங் சரிதானே, பிறகு மாற்ற அலைச்சல் என்றார்.
வேறெதுவும் கேட்கவில்லை.

போன மாரியில் எம் சிக்ஸ் ஓரத்தில்
ஒரு பொலிஸ்காரன்
அட்டைக்கும் முகத்துக்கும் முகத்துக்கும் அட்டைக்குமாக
டோர்ச்சை வைப்பர் மாதிரி ஆட்டினான்.
மழைகூட இல்லை அன்றைக்கு.

இன்று வந்தது,
பீட்சாக் கடை விளம்பரத்துக்குள் செருகிக்கொண்டு.
படத்தை நான் பார்க்கவில்லை. எண்ணைப் பார்த்தேன்.

இந்த ஊர் லைசென்சில்
ஆண் பெண் என்று அச்சடிப்பதில்லை,
எண்ணுக்குள் ஒளித்து வைப்பார்கள்.
பிறந்த மாதத்தின் முன்னிலக்கத்தில்
ஐந்தைக் கூட்டினால் பெண்.
மார்ச். நேற்றுவரை 03.
இன்று 53.
எந்தக் கலண்டரிலும் கிழிபடாத
ஐம்பத்துமூன்றாம் மாதத்தில்
பிறந்திருக்கிறேன்.

எண்ணின் தொடக்கத்தில் அப்பா.
தம்பிராசாவின் முதல் ஐந்து இங்கிலிஷ் எழுத்து.
தம்பி என்று கூப்பிட்டு முடிக்கமுன்
மெஷின் வெட்டிவிட்டது.
தம்ப்.
ஆறு வருஷமாக ஃபோனை எடுக்காத மனுசன்
என் சட்டைப் பையில்
பாதி திறந்த வாயோடு.

கொஞ்சம் தள்ளி, என் முதலெழுத்துக்குப் பக்கத்தில்,
ஒரு ஒன்பது.

பள்ளிக்கூட மதிலில் கரிக்கட்டியால்.
பஸ்ஸின் பின் சீட்டிலிருந்து.
ஒரு கலியாண வீட்டில், பந்தியில்,
எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு.
அந்த ஒன்பது
ஸ்வான்சீயிலுமா?

அக்னியெஷ்கா, உன் அட்டையைக் காட்டு.
அவளுக்கும் ஒன்பது.
மோர்கனுக்கு இல்லை, அவருக்கு நடுப்பெயர் இருக்கிறது.
நடுப்பெயர் இல்லாத எல்லோருக்கும்
வெறுமையை நிரப்ப அதைத்தான் போடுவார்களாம்.
பழைய அட்டையிலும் இருந்திருக்கும்.
அந்த அட்டையை ஒருநாளும்
நான் உற்றுப் பார்த்ததில்லை.

சிரிப்பு வந்தது. ஏன் என்று அவளுக்குச் சொல்லவில்லை,
உங்கள் பாஷையில் ஒன்பதுக்கு என்ன என்று மட்டும் கேட்டேன்.
ஜெவியென்ச் என்றாள்.
ஜெவியென்ச்.
நாக்கில் ஒரு காயமும் படவில்லை.

பிறகு தட்டுகளை ஏற்றினோம்.
நாலரைக்கு நனீட்டனில் நிற்கவேண்டும்,
பின் கதவு இன்னும் சரியாகப் பூட்டுதில்லை.