பாரம்

போலீஸ் பாலாயில் தந்த பாரத்தில்
ஒரு கட்டம்: சுட்ட அனுபவம் உண்டா?
லைசென்ஸ் இல்லாமல் தொட்டால் ஜெயில்,
தொடாதவளுக்கு லைசென்ஸ் இல்லை.
சார்ஜன் ரொஸ்லான் சிரித்தார்:
"கிளப்புக்குப் போங்க, புவான் மரகதவல்லி."

சனிக்கிழமை. தெலுக் இந்தான் பஸ்.
துப்பாக்கி இரவல்; தோட்டாக் காசு
என் ஒருநாள் சம்பளம்.
இருபத்தைந்து மண்தட்டு பறந்ததில்
உடைந்தது இரண்டு.
அதிலொன்று பக்கத்தில் நின்ற தௌக்கே
சுட்டதாகவும் இருக்கலாம்.
தோள் மங்குஸ்தான் தோலாய்க் கன்றியது.

லாலாங்கில் முழுசாய் விழுந்த தட்டொன்றைப்
பையில் போட்டுக்கொண்டேன்.

காற்றாடி சுழலும் மேசையில்
பாரத்துக்கு இப்போது அதுதான் பாரம்.
வெளியே
மூன்றாம் நிரையில்
செம்பனைக் கன்றைப் பன்றி பிடுங்கும் சத்தம்.
கட்டத்தில் 'உண்டு' என்று எழுதிவிட்டுத்
தகரம் தட்டப் போகிறேன்.