வெளிச்செல் காயம்

கோட்டில் நான் மொழிபெயர்ப்பு முதலியார்.
கொழும்பிலிருந்து வரும் அறிக்கையைச்
சிங்களத்திலிருந்து தூக்கித்
தமிழில் இறக்கிவைப்பது வேலை,
சிந்தாமல்.

கஸ்தூரியார் வீதி, நகைக்கடை.
வாளோடு உள்ளே வந்த ஒருவன்.
காவலுக்கு இருந்த தர்மகுலசிங்கம்,
உரிமம் உள்ள துவக்கு.
மிச்சமெல்லாம் ஒரு இமைவெட்டுக்குள்.

ரவை வாள்காரனின் தோளில் புகுந்தது.
உட்செல் காயம், என்றேன்.
முதுகால் போனது.
வெளிச்செல் காயம், என்றேன்.
அறிக்கை அதோடு முடியவில்லை.
செப்புறை போட்ட ரவை;
ஒரு உடம்போடு நிற்கிற சாதி அல்ல.
ஒட்டுப்பலகை, பன்னிரண்டு மில்லிமீற்றர்.
பள்ளிக்கூடச் சீருடைத் துணி, மடித்தபடி.
அதற்கும் அப்பால் பத்மசொரூபி,
பக்கத்துத் தையல்கடையில்
சட்டைக்குக் கொளுக்கி வைத்து வாங்கிவிட்டு
மிச்சக் காசுக்கு நின்றவ.
அவவுக்கு வெளிச்செல் காயம் இல்லை.
எலும்போடு கிடக்கட்டும், கிண்டினால் நடை போகும் என்று
பெரியாஸ்பத்திரியில் விட்டுவிட்டார்கள்.

"நான் அவனைத்தான் பாத்தனான் ஐயா,"
தர்மகுலசிங்கத்தின் கை கூண்டுக் கட்டையைத் தடவியது.
"பின்னால சுவர் எண்டு நினைச்சன்.
சுவர் மாதிரித்தான் பெயின்ற் அடிச்சிருந்தது."
பொய்யில்லை. படத்தில் பார்த்தேன்.
செங்கல் கோடுகூடக் கீறியிருந்தார்கள்.

காப்புறுதிக் கம்பனியின் சட்டத்தரணி, கொழும்பு ஆள்,
சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்:
அம்மா, அந்த நேரம் எங்கே நின்றனீங்கள்?

பத்மசொரூபி ஊன்றுகோலை மற்றக் கைக்கு மாற்றினா.
"நானோ?
நான் நிண்ட இடத்தில நிண்டனான்."

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை
வாயைத் திறந்தபடி நின்றேன்.
சிங்களத்தில் அதற்கு வசனம் இல்லாமலில்லை.
எனக்குள் வந்தது
வெளியே போகவில்லை.
நீதவான் இரண்டு தரம் என்னைப் பார்த்தார்.

கொக்குவிலில் என் வாடகை அறைக்கும்
பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு ஹாட்போட் தட்டி.
ஆறு வருடமாக அதில்தான் கலண்டர் தொங்குகிறது.
இரவு, சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு
விரல்மொழியால் தட்டிப் பார்த்தேன்.
பப்படம் மாதிரி.

அந்தப் பக்கம் பெடியன் வாய்ப்பாடு சொல்கிறான்.
ஏழேழு நாற்பத்தொன்பது.
ஏழெட்டு...
ஏழெட்டு...
கலண்டருக்கு நேர் பின்னால்,
ஒரு முழம்கூட இராது.

ஐம்பத்தாறு, என்றேன்,
பெரிதாய்ச் சத்தம் போடாமல்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு, ஐம்பத்தாறு என்றது
கலண்டர்.