சோபாவின் பழுப்பு

ஹோர்சன்ஸ் நகரம், பிப்ரவரி மழை.
ராக்ன்ஹில்டுக்கு ஐம்பது வயது முடிந்ததற்கு
குடியிருப்போர் சங்கக் கூடத்தில் விருந்து.
மணிக்கட்டு சுளுக்கிக் கிடந்ததால்
நடுவர் வேலை என் தலையில்:
கோழி வடிவ நிமிடமணியைத் திருகுவது,
அது கொக்கரித்ததும்
"கையை எடு" என்று கத்துவது.

ஆட்டம் இதுதான்.
கோட்டு மாட்டும் தட்டிக்குப் பின்னால்
இருபத்து நான்கு கட்டைகளில் ஒரு மாதிரி,
வீடோ கப்பலோ, கட்டியவனுக்கே வெளிச்சம்.
அணிக்கு மூன்று பேர்.
ஒருவர் கண். அவர் மட்டும் போய்ப் பார்க்கலாம்,
எத்தனை தரமும் ஓடலாம்,
திரும்பி வந்தால் கைகள் முதுகுக்குப் பின்னால்.
ஒருவர் கை. கட்டலாம், பார்க்கக்கூடாது.
கேட்கலாம், ஒரே ஒரு கேள்வி.
மூன்றாமவர் ஐஸ்கிரீம் டப்பாவைக் கிளறி
கட்டை எடுத்துத் தருபவர்,
அவருக்கு வாயே கிடையாது.
நான்கு நிமிடம்.
தவறிய கட்டைக்கு ஒரு புள்ளி கழியும்,
மிச்சம் பிடித்த பத்து நொடிக்கு ஒன்று கூடும்.

கம்பளித் தொப்பியில் சீட்டுக் குலுக்கினோம்.
கண்: கோர்ம்.
கை: விபெக.
ஹெரிங் மீன் தட்டில் முள்கரண்டிகள் நின்றன.
பதினோரு வருடம் ஒரே வீடு,
மூன்று வருடமாய் இரண்டு.
"மறுபடி குலுக்கவா?" என்று
ராக்ன்ஹில்ட் கண்ணாலேயே கேட்டாள்.
அதற்குள் விபெக
ஸ்வெட்டர் கையை முழங்கைவரை ஏற்றிவிட்டாள்.

திருகினேன்.

"அடியில் வெள்ளை, எட்டுக் குமிழ், நாலு.
மேலே நீலம், குறுக்காக, இடது ஓரம்,
இல்லை, உன்னுடைய இடது..."
"என் இடது எனக்குத் தெரியும், மேலே சொல்லு."
ஓடினான், வந்தான்.
அவன் பாதி சொல்லும்போதே
அவள் விரல் மீதியை வைத்திருக்கும்.
"அதன்மேல் ஒரு..."
"ம்."
"கொஞ்சம் தள்ளி..."
"ம்."
நான் கோழியைப் பார்ப்பதை மறந்தேன்.

"பழுப்பு, எட்டுக் குமிழ், இரண்டு."
டப்பாவுக்குள் போன பெர்டிலின் கையை
அவள் ஒரு விரல் தூக்கி நிறுத்தினாள்.
இருந்த ஒற்றைக் கேள்வியைச் செலவழித்தாள்:
"மாடிப்படியின் பழுப்பா, சோபாவின் பழுப்பா?"

அவன் கண்ணை மூடித் திறந்தான்.
"சோபா."

அவள் பச்சையை எடுக்கச் சொன்னாள்.
பெர்டில் வாயைத் திறந்தான்,
வாயில்லை என்பது நினைவு வந்து
பச்சையாகவே இரண்டு எடுத்துத் தந்தான்.

இருபத்து மூன்றாவது கட்டையில் கோழி கொக்கரித்தது.

தட்டியை விலக்கினோம்.
மாதிரியிலும் பச்சை.
ஒரு கட்டை குறைந்ததற்கு ஒன்று கழிய,
நொடி எதுவும் மிஞ்சவில்லை.
மலூவின் அணிக்கு இரண்டு தவறு,
ஆனால் நாற்பது நொடி கையிருப்பு.
ஈரல் பேஸ்ட் டின் அவர்களுக்குப் போனது.
ஜெயித்த பிறகும் எஸ்கில் விடவில்லை:
"சோபா ஒரு நிறமா? இது சங்கேத மொழி!"
பில்லின் பின்பக்கம் எழுதிய விதிகளை
இரண்டு தரம் படித்துத் தீர்ப்புச் சொன்னேன்:
சோபாவுக்குத் தடை இல்லை.

அந்தச் சோபா இப்போது எந்த வீட்டில்?
நடுவருக்குக் கேள்வி ஒதுக்கப்படவில்லை.

பத்தரைக்கு நாற்காலிகளை அடுக்கினோம்.
ஹீட்டருக்கு அடியில் குனிந்த கோர்ம்
ஒரு கட்டையோடு நிமிர்ந்தான்.
"இங்கே ஒரு பச்சை விழுந்து கிடந்தது."
"பழுப்பு அது, அன்பே," என்று சிரித்தாள் மலூ,
அவன் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தபடி,
அவர்கள் சேர்ந்து வாழத் தொடங்கி ஏழு மாதம்.

விபெக எதுவும் சொல்லவில்லை.
டப்பாவை நீட்டினாள்.
அவன் போட்டான்.
மூடி ஒரு பக்கம் அமுங்கினால்
மறு பக்கம் எழும்பிக்கொண்டே இருந்தது.