நடுச்சாமத்து டேட்டா

பதினொன்று ஐம்பத்தெட்டு.
பகல் டேட்டா பதினாறாம் திகதியே முடிந்துபோனது.
பன்னிரண்டிலிருந்து காலை எட்டு வரை
கம்பனிக்காரன் அள்ளித் தருவான்,
தூங்குகிறவர்களின் பங்கையும் சேர்த்து.

வெள்ளவத்தையைக் கடைசிக் கோச்சி தாண்டிப் போய்விட்டது.
மேசை விசிறியை என் முகத்திலிருந்து
கம்பியூட்டரின் பக்கம் திருப்புகிறேன்.
சூடேறினால் அது செத்துவிடும்.
நான் வியர்ப்பேன், அவ்வளவுதான்.

அங்கே என் பெயர் கறிவேப்பிலை.
பதினேழு வயதில் வைத்தது,
மாற்றுவதென்றால் முந்நூறு வைரம் கேட்கிறார்கள்.
பெயருக்கேற்ற வேலை:
காயம்பட்டவனுக்கு உயிர் ஊற்றுவேன்,
வென்றதும் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவார்கள்.

தெமட்டகொடையிலிருந்து ஷிஃப்னா வருவாள்.
கோடரி அவளிடம்.
ராகமையிலிருந்து தினுக,
திட்டுவது சிங்களத்தில், சமாதானம் தமிழில்,
இரண்டுக்கும் நடுவில் ஒரே 'சொறி'.
கொட்டாஞ்சேனை அருள்நேசனின் மைக்கில்
எப்போதும் ஒரு நாய்.
கோட்டைச் சுவர் சரிந்துகொண்டிருக்கும்போது
அவனுடைய அம்மா கதவைத் தட்டி
"பால்மா கரைச்சு வச்சிருக்கன், ஆறப்போகுது" என்பார்.
நால்வரும் அடங்கிவிடுவோம்.
நாயும்.

ஒரேயொருமுறை நேரில் சந்தித்தோம்,
பம்பலப்பிட்டியில், கம்பியூட்டர்ச் சாமான் விற்கும் மாடியில்.
யாருக்கும் யாரையும் தெரியவில்லை.
ஷிஃப்னாதான் கைகளைக் குவித்து
"கறிவேப்பிலை!" என்று கத்தினாள்.
கீபோர்ட் விற்பவன் நிமிர்ந்து பார்த்தான்:
"இங்க இல்லை தங்கச்சி, மார்க்கெட்டில கேளுங்க."
அன்று அதிகம் கதைக்க வரவில்லை எங்களுக்கு.
ஐஸ்கிரீம் உருகியது.
இரவு ஹெட்செட்டை மாட்டிய பிறகுதான்
ஒருவரையொருவர் விசாரித்தோம்,
வீடு போய்ச் சேர்ந்தீர்களா என்று.

இப்போது நானே ஓர் ஆட்டம் செய்கிறேன்.
பெரிதாக ஒன்றுமில்லை, ஒரே ஒழுங்கை.
காலி வீதியில் ஆரம்பம்,
தண்டவாளத்தைத் தாண்டினால் கடல்.
வாள்கள் மோதும் சத்தத்தைக்
கொத்துக் கடை வாசலில் நின்று பிடித்தேன்.
இடையில் "முட்டை ஒண்டா ரெண்டா?" என்று
ஒரு குரல் விழுந்துவிட்டது, வெட்டவில்லை.
இனி எந்தச் சண்டையிலும் யாரோ அதைக் கேட்பார்கள்.
கடலுக்கு எட்டு நீலம்.
ஒன்பதாவதைச் சேர்த்தால்
தினுகவின் பழைய போன் மூச்சுத் திணறுகிறது.
காகங்களுக்கு எழுதியது ஒரே விதி:
சாப்பாடு இருந்தால் வா.
இந்த ஆட்டத்தில்
பிழையே வராத ஒரே வரி அதுதான்.

கடைசிக் கேற்றைக் காக்க ஒரு பூதம் தேவைப்பட்டது.
வீட்டுக்காரர் தர்மகுலராசா அங்கிளை நிறுத்தினேன்.
கையில் சுருட்டிய தண்ணீர்ப் பில்,
தொந்திக்குத் தனியாகப் பன்னிரண்டு பிக்சல்.
அடித்தால் "மோட்டரை நிப்பாட்டு!" என்று உறுமும்.

அவருடைய மகன் அதை ஆடியிருக்கிறான்.
எனக்குத் தெரியாது,
ஞாயிறு காலை கதவு தட்டப்படும் வரை.
சுருட்டிய பில். நிஜமான பில்.
தெஹிவளையில் இப்போது ஓர் அறை என்ன வாடகை என்று
மனம் அதற்குள் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டது.

"பிள்ளை," என்றார்,
"எங்கட கேற் நீலமில்லை.
பச்சை. போன வருசம் நானே பூசினனான்."

படியிறங்கப் போனவர் நின்றார்.

"என்னைத் தாண்டி
ஆரும் கடலுக்குப் போனவையோ?"

இதுவரைக்கும் இல்லை, அங்கிள்.

தலையை ஆட்டினார்,
வங்கியில் காவலுக்கு நிற்பவர் ஆட்டுவதுபோல.
பில்லைத் தந்துவிட்டுப் போனார்:
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது,
என் பங்கு பாதி.

கேற்றைப் பச்சையாக்கினேன்.
அவருக்கு இன்னும் ஐந்து உயிர் கூட்டினேன்.
தொந்தியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை,
அது அப்படியே இருக்கிறது.

பன்னிரண்டு.
ஷிஃப்னா வந்துவிட்டாள், கோடரியோடு,
ஒழுங்கையின் கடைசிவரை ஓடிப்போய்
அடிக்காமல் நிற்கிறாள்.

"ஏய் கறிவேப்பிலை,
இது எப்ப பெயின்ட் அடிச்சது?"