மூடு, அழி

சாய்ந்தமருதில் சுபஹுக்கு முன்னமே
மீன்விலை கேட்டு நாலாயிரம் போன்.
சூரை இல்லை, கீரி இல்லை,
திரையெல்லாம் கழுவிவிட்ட சட்டி.

கல்முனை, கொழும்பு, சிங்கப்பூர்:
மூன்று சேர்வரும் ஒரே ஞாபகத்தைப்
பங்குபோட்டு வைத்திருந்தன.
ஒலுவில் கிளையில் கணினியை நிறுத்தினார்கள்.
அது போகும்போது
'மூடு' என்று சொல்லிவிட்டுப் போனது.
முறைப்படிதான்.

அந்தப் பெயரை வைத்தவன் நான்.
உள்ளே எழுதியிருந்ததோ அழிப்பு,
மூன்று ஊருக்கும் சேர்த்து.

றிபாசா திரையைப் பார்த்தாள்:
"கதவச் சாத்தச் சொன்னா
மறுகா வீட்டயா இடிக்கிற?"

பிரித்து எழுதினேன்.
'விடு': என் கையை மட்டும் எடுக்கும்;
பிடித்திருந்த இணைப்பு, பூட்டு, ஓடிக்கொண்டிருந்த கடிகாரம்.
ஒன்றை விட முடியாமல் போனாலும்
மற்றதை விடாமல் விடும்.
இரண்டாம் தரம் கூப்பிட்டால்
கோபிக்காது, ஒன்றும் செய்யாது.

மற்றதற்கு வேண்டுமென்றே நீளப் பெயர்,
தட்டுகிற விரல் நடுவழியில் யோசிக்கட்டும்:
'மூன்று_ஊரிலும்_எல்லாருடையதையும்_அழி'.

முதல் தோணி கரையேறியது.
சூரை, கிலோ ஆயிரத்து நூறு,
கல்முனையில் விழுந்தது,
மறுகா மற்ற இரண்டிலும்.

இனி ஒலுவில் கணினியை
ஒருதரம் நிறுத்திப் பார்க்க வேண்டும்.
றிபாசா என்னைப் பார்க்கிறாள்.
நான் போனைப் பார்க்கிறேன்.
ஒருவரும் நம்பரை அழுத்தவில்லை.